எல்லாருக்கும் ஒரே பானை

அக்கா,

இன்று நம் தீவின் பாம்பூ ஊரில் புதுக் குடியிருப்பின் மழலையர் மையத்துக்குள் நுழைந்தேன். தைம் என்ற வாசனை இலை போட்டுப் பருப்பு வேகும் வாசனை. அவ்வளவுதான், நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது என்பதையே மறந்து, "அக்கா, அடுப்பைக் குறைங்க" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

எழுபதுகளில் ரோஸ் பெல்லில் நாம் வேலை பார்த்த மையம் கண்முன் வந்து நின்றது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடும் விளையாட்டும் கிடைத்தால் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்கும் ஆராய்ச்சி. நீங்கள் பொறுப்பாளர். நான் தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவில் வந்து இறங்கியிருந்த உளவியல் பட்டதாரி, திமிருக்குக் குறைவில்லை. தைப்பூசக் காவடி விரதம் தொடங்கியதும் தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. மையத்தில் மீன் சமைப்போமே, விரத வீட்டுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்?

"வராதவர்களை நீக்கிவிட்டு வேறு பிள்ளைகளைச் சேருங்கள்" என்றார் வெளிநாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சித் தலைவர். வராத பிள்ளைகளில் ஒருத்தி சரோ. சரோவின் அம்மா அப்போதுதான் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். இடம் போனால் அவள் வேலையும் போகும். வாயே திறக்காத சரோ மையத்துக்கு வந்த பிறகுதான் பேசத் தொடங்கியிருந்தாள்.

தாய்மார்களிடம் பேச என்னை அழைத்துப் போனீர்கள். நான் சுத்தத் தமிழில் பொரிந்து தள்ளினேன். சரோவின் அம்மா உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "நூ பா கொம்ப்ரான், அக்கா" என்றாள். ஒன்றும் புரியவில்லையாம்! நீங்கள் சிரித்த சிரிப்புக்கு அன்றைக்கே உங்களை அடித்திருப்பேன். பிறகு தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நீங்களே கேட்டீர்கள். மீன் இல்லையென்றால் நாளைக்கே அனுப்புவதாக எல்லாரும் சொன்னார்கள்.

அவர்களுக்குத் தனிப் பானை வைக்கிறோம் என்றோம். ஒரே மையத்தில் இரண்டு விதச் சாப்பாடு என்றால் ஆராய்ச்சி முடிவை நம்ப முடியாது என்றார் தலைவர். அதுவும் நியாயம்தான். "சரி, எல்லாருக்கும் ஒரே பானை. பத்து நாள் யாருக்கும் மீன் வேணாம். பருப்பு, பால் கூடக் கொடுப்போம்" என்றீர்கள். மற்றத் தாய்மார் சம்மதித்தால் சரி என்றார் தலைவர்.

"மத்த மதத்துக்காரங்க எதுக்கு ஒத்துக்குவாங்க? வம்பை விலைக்கு வாங்காதீங்க" என்று புலம்பினேன்.

"கேட்டுப் பாப்போம், தங்கச்சி. கேக்காம என்ன பயம்?"

கூட்டத்தில் முதலில் எழுந்தவள் மீன் விற்பவரின் மனைவி, கிரியோல் கிறிஸ்தவப் பெண். "ஈஸ்டருக்கு முன்னால நாங்களும் கரேம்னு விரதம் இருக்கிறவங்கதான், மதாம். பத்து நாள்ல என் பையன் இளைச்சா போவான்?" அறையே சிரித்தது. முஸ்லிம் தாய்மாரும் சரி என்றார்கள். மறுநாள் சரோ தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அழுதுவிட்டேன்.

இப்போது உலகத்தின் நிலையான வளர்ச்சி என்று கூட்டம் போடுகிறார்கள். அதற்கு அடித்தளம் ஐந்து வயதுக்குள் அமைகிறது என்று நம் ஆராய்ச்சி போன்றவற்றைக் காட்டுகிறார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. அதைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லையே.

பாம்பூவில் இன்று புது ஆய்வின் முதல் நாள். இளைய ஆய்வாளர்கள் விதிகளோடு தயாராக நின்றார்கள். நான் அவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு இன்னமும் அரைகுறையான என் கிரியோலில் தாய்மார்களிடம் கேட்டேன்: உங்கள் பிள்ளை எந்தெந்த நாளில் என்ன சாப்பிடமாட்டான்? ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி குறுக்கிட்டாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளியே தொழிற்சாலை வண்டி ஹார்ன் அடித்தது. ஓர் இளம் தாய் எழுந்து, தன் பிள்ளையை நம்பி என் மடியில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அக்கா.