காதர் பாய் தந்த நேரம்

ஹஜ். அரஃபா நாள், இரவு. முஸ்தலிஃபா திடல்.

பகலெல்லாம் ஹாஜிகளுக்கு வீல்சேர் தள்ளினேன். தொண்டனாக வந்தவனுக்கு அதுதான் வேலை, குறையில்லை. ஆனால் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அம்மா கிடக்கிறாள். அரஃபா மைதானத்தில் சூரியன் மறைவதற்குள் இறைவனிடம் கேட்கும் துஆ வீண்போகாது என்பார்கள்; அவளுக்காகக் கேட்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் குழுத் தலைவர் காதர் பாய் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அம்மாவுக்குக் கேட்டியா?"

"இல்ல பாய். இந்தப் பெரியவரைக் கூடாரத்துல விட்டுட்டு..."

"அம்புட்டு நேரம் இல்ல. நான் தள்ளுறேன், நீ போ."

ஊரில் என் முதலாளியிடம் அம்மாவுக்கு முடியவில்லை என்று லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் கேட்காமலே கொடுத்தார்.

கையேந்தி அழுதேன். சூரியன் மறைந்தபின் திரும்பினால், பாய் இன்னும் வியர்வையோடு அந்தப் பெரியவரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்க துஆ கேக்கலையே பாய்?"

"எனக்கும் சேத்து நீ கேட்டிருப்பேல்ல?" என்று சிரித்தார்.

தலையாட்டிவிட்டேன். அவர் நினைப்பே எனக்கு வரவில்லை.

இப்போது பக்கத்தில் வெறுந்தரையில் அசந்து தூங்குகிறார். அவருக்காகக் கேட்கலாம் என்று இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டுக் கையேந்தினேன். என்ன கேட்பது? அவர் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.