நான் செய்த குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம். விடுதியில் எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன்.

மாணவர் தேர்தலில் ஜெயித்தேன் அல்லவா? என்னை எதிர்த்து நின்றவள் சமையல்கார அக்காவைக் கேவலமாகத் திட்டுவதுபோல் ஒரு ஆடியோ பரவியது. ஏஐ செயலியில் அவள் குரலை வைத்து அதைச் செய்தது நான்தான். இப்போது அவளுடன் யாரும் பேசுவதில்லை.

அது தன் குரலே இல்லை என்று அவள் முறையிட்டதும், போலிக் குரல்களுக்கு விதி எழுதப் பள்ளியில் மாணவர் குழு அமைத்தார்கள். தலைவி நான். நேற்று அவள், "நீதான்டி எனக்கு நியாயம் வாங்கித் தரணும்" என்று என் கையைப் பிடித்தாள். கூசிப்போனேன்.

'செய்தவர் எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ள வேண்டும்' என்ற விதிக்கு நானும் கை தூக்கினேன். அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு உண்மையைச் சொல்லப்போகிறேன்.

பள்ளியிலிருந்து போன் வந்தால் நீங்களே எடுங்கள். திட்டுவதற்கு முன் ஒருமுறை, "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள்.

வார்டன் வருகிறார்.

உங்கள் வாலு