ரேவதியின் பத்து சென்டிமீட்டர்

7-7-2008, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். குளிக்கப் போகும் நேரம் பார்த்து கரண்ட் கட். பாதி சோப்போடு நின்றேன்.

ஸ்கூல் முடிந்ததும் எட்டாம் வகுப்பு ப்ராஜெக்ட் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். குழுவுக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. நான் கொடுத்த தலைப்பு: 'என் தெருவில் ஒரு கேள்வி'. கேள்வியை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும், பதிலையும் அவர்களே தேட வேண்டும். வந்திருக்கும் கேள்விகள்:

- எரிமலை எப்படி வெடிக்கிறது? (எந்தத் தெருவில்?)
- சூரிய மண்டலம்
- எரிமலை, மறுபடியும்
- டைனோசர் ஏன் அழிந்தது?

மீதியும் இதே லட்சணம். எல்லாம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் உள்ள ப்ரௌசிங் சென்டர் பிரிண்ட். காப்பியடித்தால் கண்டுபிடிக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் 'எங்கே தவறினோம்' என்றும் எழுதச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டிலும் ஒரே வரி. 'ஆரம்பத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. பிறகு சரிசெய்தோம்.' சூரிய மண்டலத்துக்கும் தண்ணீர் அதிகம்.

கடுப்பில் நேரே அந்த சென்டருக்கே போனேன். பையன் நல்ல மாதிரி. நாற்காலி போட்டான். "தப்பும் வேணும்னு கேட்டீங்கன்னு பசங்க சொன்னாங்க சார். அதையும் சேத்தே போட்டுக் குடுத்துட்டேன்" என்றான். திட்ட வாய் வரவில்லை. அவன் ஒருவன்தான் நான் சொன்னதை ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

தாளாளர் கூப்பிட்டு விட்டார். 18-ம் தேதி கண்காட்சி, பெற்றோர் எல்லாரும் வருகிறார்கள். அன்றைக்கு 'நாலு பேர் பாத்து அசர்ற மாதிரி' ஒன்றும் இல்லையென்றால் ப்ராஜெக்ட் பீரியட் கணக்கு டெஸ்ட்டுக்குப் போய்விடும். மூன்று வருஷம் கெஞ்சி வாங்கிய பீரியட். வாரத்துக்கு ஒன்றே ஒன்று.

வாங்க: ஜெலுசில், சிவப்பு பேனா, கொத்தமல்லி.

8-7, செவ்வாய்

நேற்று தூக்கமே இல்லை. ப்ரௌசிங் சென்டருக்குத் தெரியாத கேள்வி எது? யோசித்தவை, அடித்தவை:

- மணிமுத்தாற்றில் எத்தனை வகை மீன்? (தண்ணீரே இல்லை.)
- பெண்ணாடம் பஸ் ஏன் தினமும் லேட்? (நிர்வாகத்துக்குப் பிடிக்காது.)
- முந்திரிக் கொட்டை பட்டால் கை ஏன் வெந்துபோகிறது? (ஒருத்தன் தொட்டுப் பார்ப்பான், நான் ஜெயிலுக்குப் போவேன்.)

மத்தியானம் டீ குடிக்கும்போது தோன்றியது. பீங்கான் க்ளாஸ் கையில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பீங்கான் சாமான் செய்கிற செராமிக் ஊரில் குடியிருந்துகொண்டு டைனோசர் திருத்துகிறேன்.

திட்டம்: ஆளுக்கொரு ஈரமண் துண்டு, ஸ்கேல் நீளத்துக்கு. அதில் பத்து சென்டிமீட்டர் கோடு. காயவைத்து, சூளையில் சுட்டு, மறுபடி அளக்க வேண்டும். எவ்வளவு சுருங்கியது? ஏன்? இந்த மண்ணுக்கான பதில் எந்த வெப்சைட்டிலும் கிடையாது. தொழிற்பேட்டையில் செராமிக் யூனிட் வைத்திருக்கும் ஒரு பெற்றோர் மண்ணும் தந்து, சூளையில் ஒரு மூலையும் தருகிறேன் என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி தேன்மொழியிடம் சொன்னேன். "அவங்களுக்கு மார்க் வரும், உங்களுக்கு அல்சர் வரும்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

14-7, திங்கள்

நேற்று சாயங்காலம் சூளையிலிருந்து துண்டுகள் வந்தன. இன்று அளந்தார்கள்.

முதல் நோட்டு 8.8. இரண்டாவது 8.8. மூன்றாவது 8.8. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தாவது நோட்டுக்காரனின் துண்டு சூளையிலேயே இரண்டாக உடைந்து, பாதி காணோம். அவனுக்கும் 8.8. ஒன்பதாவது நோட்டுக்காரன் துண்டைச் சூளைக்கு அனுப்பவே இல்லை, பச்சை மண்ணாகப் பையில் கிடக்கிறது. 8.8. முதல் பெஞ்சில் ஒருத்தன் அளந்திருக்கிறான், மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாக ரேவதி. நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், வாயைத் திறக்கவே மாட்டாள். அவள் எழுதியிருந்தது: முன்பு 10. பின்பு 10. சுருங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் காப்பியாவது அடித்தார்கள், இவள் அளக்கக்கூட இல்லை என்று நினைத்தேன். எல்லார் மேலும் இருந்த கோபம் அவள் நோட்டில் இறங்கியது. கோணலாக ஒரு கோடு, முட்டை மார்க். கிளாஸே சிரித்தது. "அளந்தேன் சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். உட்காரச் சொன்னேன்.

வயிறு எரிகிறது. ஜெலுசில் தீர்ந்துவிட்டது.

15-7, செவ்வாய்

வெயில். கைக்குட்டையை இரண்டு தடவை பிழிந்தேன்.

முதல் மணி அடிக்கும் முன்பே ஸ்டாஃப் ரூம் வாசலில் ரேவதி. கையில் அவள் துண்டு, ஒரு மர ஸ்கேல். கோடு போட்டது இதில்தானாம். சுட்ட பிறகு அளந்தது ஜாமென்ட்ரி பாக்ஸ் ஸ்கேலில். அவள் அப்பா செராமிக்கில் மாடல் செய்கிறவர், பொம்மைக்கும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்கும் அச்சு எடுக்க முதல் உருவம் செய்து தருகிற வேலை. இப்போது குஜராத்தில். ஸ்கேல் மட்டும் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

துண்டை நானே அளந்தேன். பத்து. சரியாகப் பத்து. மர ஸ்கேலையும் என் பிளாஸ்டிக் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் பூஜ்யமும் ஒன்றாக நிற்கிறது. மர ஸ்கேலின் பத்து, பிளாஸ்டிக்கில் பதினொன்றைத் தாண்டி நிற்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. மண் சுருங்கும் என்று தெரிந்து கோடுகளை முன்கூட்டியே தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல். அதில் பத்து என்று செய்தால், சுட்ட பிறகு நிஜப் பத்து வரும். இந்தப் பெண் ஒழுங்காக அளந்து, ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அந்த முதல் பெஞ்ச் பையனை விட்டால் நாற்பது பேரில் இவள் ஒருத்திதான் அளந்திருக்கிறாள். அவளுக்குத்தான் முட்டை போட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஏன் சார் என்னுது மட்டும் சுருங்கல?" என்றாள். நான் இரண்டு ஸ்கேலையும் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்து நின்றேன். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "இதுல எது சார் தப்பு?" 

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு, எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாம் பீரியடில் பாடத்தை நிறுத்தினேன், அவள் இரண்டு ஸ்கேலையும் வகுப்பு முன்னால் வைத்தாள். நேற்றைய முட்டையை எல்லார் முன்னாலும் அடித்துத் திருத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் நானே நம்ப மாட்டேன். உடைந்த துண்டுக்கும் பச்சை மண்ணுக்கும் 8.8 போட்ட பயல்கள் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தார்கள். ஸ்கேல் வெயிலில் நீண்டிருக்கும் என்றான் ஒருத்தன். குஜராத்தில் சென்டிமீட்டர் வேறு என்றான் இன்னொருத்தன். ரேவதிதான் வழி சொன்னாள். ஒரே துண்டில் இரண்டு கோடு, ஒவ்வொரு ஸ்கேலால் ஒன்று, சேர்த்துச் சுடுவது. மத்தியானமே மண் பிசைந்து கோடு போட்டாயிற்று.

அப்பாவிடம் போனில் கேட்டாயா என்றேன். "கேட்டா சொல்லிடுவாரு சார். அதான் கேக்கல."

பதினாறு வருஷ வேலையில் எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து தேன்மொழியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

16-7, புதன்

துண்டு காய்ந்துவிட்டது. ராத்திரி சூளை ஏற்றினால் வெள்ளி காலையில் கைக்கு வரும், கண்காட்சிக்குச் சரியாக இருக்கும். சாயங்காலம் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

17-7, வியாழன்

யூனிட்காரர் போன். நேற்று ராத்திரி முழுக்கக் கரண்ட் வந்து வந்து போயிருக்கிறது, நெருப்புக்குக் காற்றூதும் ப்ளோயர் ஓடவில்லை, சூளை பற்றவைக்கவில்லை. இன்று ராத்திரிதான். சனிக்கிழமைக்கு முன்னால் சூளை வாயைத் திறக்க முடியாது. கோபிக்க அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மூன்று மணிக்குத் தாளாளர் சுற்றிப் பார்க்க வந்தார். எரிமலை முன் நின்று தலையாட்டினார். உள்ளே சிவப்பு பல்ப் எரிகிறது. ரேவதியின் மேஜையில் இரண்டு ஸ்கேல், அவளுடைய பழைய துண்டு, சார்ட்டில் ஒரு கேள்வி. 'எது தப்பு?'

"பதில் எங்க?" என்றார்.

சூளையில் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேள்வி கேட்கவா பெற்றோர் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றார். நாளைக்கு இதே மாதிரி இருந்தால் திங்கட்கிழமை முதல் கணக்கு டெஸ்ட் என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னார்.

ஸ்டெல்லா மிஸ் (கணக்கு) கூட என் பக்கம்தான். "சொல்லிக் குடுத்துடுங்க சார். அந்தப் பீரியட் இருந்தாதானே அடுத்த வருஷம் இன்னொரு ரேவதி?" என்றார். நியாயமாகப் பட்டது. இப்போது எழுதும்போதும் நியாயமாகத்தான் படுகிறது.

நாலு மணிக்கு மார்க்கர் எடுத்தேன். 'எது தப்பு?' மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். பெரிய எழுத்தில்: 'சுருக்கத்தை முன்கூட்டியே ஈடுசெய்யும் அளவுகோல்'. கீழே படம், அம்புக்குறி, சதவீதம். என் கையெழுத்து அழகு. ரேவதியைக் கூப்பிட்டு ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தேன், மனப்பாடம் செய்ய.

படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். "நாளன்னிக்குச் சூளையிலேருந்து வந்துடும் சார்" என்றாள்.

"நாளன்னிக்கு யாரும்மா இருப்பாங்க பாக்க?"

"இல்ல சார். இதுக்கு அப்பாகிட்டயே கேட்டிருப்பேன்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. வாட்ச்மேன் வந்து லைட் அணைத்த பிறகுதான் கிளம்பினேன்.

18-7, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. கூட்டம் நல்ல கூட்டம். நம் மாவட்டத்து மங்களூர் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

ரேவதி ஐந்து வாக்கியத்தையும் சொன்னாள். ஒரு தடங்கல் இல்லை. 'ஈடுசெய்யும்' என்ற வார்த்தையில்கூட நிற்கவில்லை. கை இரண்டும் பின்னால், கண் எதிர்ச்சுவரில். எரிமலைப் பையன்கள் சொல்கிற அதே ராகம். ஆள் மாற மாற, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். ஸ்கேல்கள் இரண்டும் மேஜையில்தான் இருந்தன. யாரும் தொடவில்லை, அவளும் தொடவில்லை.

முதல் பரிசு.

தாளாளர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். பீரியட் தொடரும், அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கும் உண்டு என்றார். கைதட்டினார்கள். ஜெயித்த மாதிரி நின்றேன். கழிவறையில் போய் முகம் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

19-7, சனி

யூனிட்காரர் ஆள் மூலம் துண்டைக் கொடுத்தனுப்பினார். உடையவில்லை, வளையவில்லை. இரண்டு கோடும் சுத்தமாக இருக்கின்றன. நான் அளக்கவில்லை.

காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. ரேவதி வந்திருந்தாள். சூளை திறந்ததா என்று கேட்பாள் என மத்தியானம் வரை ஸ்டாஃப் ரூமிலேயே இருந்தேன். டீக்குக்கூடப் போகவில்லை. பன்னிரண்டே முக்கால் பஸ்ஸுக்கு எல்லாரும் போய்விட்டார்கள்.

தேன்மொழி துண்டைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

21-7, திங்கள்

விடிகாலையில் நல்ல மழை. ஸ்கூல் வாசலில் முழங்கால் தண்ணீர்.

ப்ராஜெக்ட் பீரியட். துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதலில் அதைக் கொடுப்பதா, புதுத் தலைப்பைச் சொல்வதா என்று தெரியவில்லை. தலைப்பைச் சொன்னேன். வாசலில் தேங்கிய தண்ணீர் எங்கே போகிறது, கண்டுபிடியுங்கள். யாரும் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரேவதி கை தூக்கினாள். அவளாகக் கை தூக்குவது இதுதான் முதல் தடவை. சொல்லும்மா என்றேன்.

நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுக்குப் பதில் எப்ப சார் குடுப்பீங்க?"