படத்தில் இல்லாத வசனம்

நேற்று குடியரசு தின விடுமுறை. மத்தியானம் குழம்பைக் கொதிக்கவிட்டு டிவியைப் போட்டால், நாம் இரண்டு பேரும் தருமபுரியில் பார்த்த அந்த இந்திப் படம் ஓடுகிறது, அதுவும் தமிழில். தூக்குமேடைக்குப் போன அந்தக் காலத்துப் புரட்சிக்காரர்களையும் இந்தக் காலத்துக் கல்லூரிப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்களே, அதேதான். மகளைக் குழம்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உன் குரல் இல்லாமல் அந்தப் படத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நீ பெங்களூரில் மூன்று வருஷம் கார்மெண்ட்ஸில் இருந்து இந்தி பிடித்துக்கொண்டு வந்தவள். தியேட்டரில் முழுப் படத்தையும் என் காதுக்குள் சொன்னாய். முன்சீட்டுக்காரர் திரும்பி, "ஏம்மா, படம் பாக்க வுடுங்க" என்றார். "உங்களுக்குப் புரியுதுங்களா? அப்ப நீங்களே எங்களுக்குச் சொல்லுங்க" என்றாய். அதற்குப் பிறகு அவரும் காதை நம் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

நாம் படத்துக்குப் போனதே மனசு சரியில்லாமல்தான். நாம் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் பெண்கள் பாத்ரூம் சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். பூட்டை எடுக்கச் சொல்லி நீ மனு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாய். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் வரவில்லை. நானும்தான். என் வீட்டுக்காரர் அப்போது கால் உடைந்து படுத்திருந்தார். என் வேலையும் போனால் அடுப்பு எரியாது.

படத்தில் சிறைக்குள் ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்காரனிடம் ஏதோ சொல்வான். உடனே இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி அதேபோல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்ன சொல்றான்?" என்று கேட்டேன். மற்ற வசனத்துக்கெல்லாம் சட்டென்று சொன்னவள், இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாய்.

"பயந்துகிட்டே போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்னு சொல்றான் புள்ள."

மறுநாள் காலை போட்டேன். பயத்தில் எழுத்து கோணி, என் பெயர் எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் போட்டார்கள். பூட்டுப் போயிற்று. உன்னை மட்டும் தையலிலிருந்து அயர்னிங்குக்கு மாற்றினார்கள். ஃபேன் இல்லாத அந்த மூலையில் வருஷக்கணக்காக நின்றாய். பாவமாக இருக்கிறது என்றால், "வேர்த்தா ஒடம்பு எளைக்கும், ஒனக்குப் பொறாமை" என்பாய்.

நேற்று அந்தக் காட்சிக்காகவே காத்திருந்தேன். பையன் கம்பியைப் பிடித்தான். "அம்மாவுக்கு லெட்டர் போட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான். கையெழுத்தும் இல்லை, பயமும் இல்லை. தமிழில் பேச வைத்தபோது மாற்றிவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம்தான் நீ நேரம் எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

என் சத்தம் கேட்டு மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஏம்மா, அழுவுறியா சிரிக்கிறியா?" என்றாள். எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறாய் என்று கோபம்கூட வந்தது. உன்னைப் பிடித்துத் திட்ட முடியாது என்று உறைத்தபோதுதான் அழுகை வந்தது.

இன்று காலை கம்பெனியில், அயர்னிங் மூலைக்கு ஃபேன் கேட்டு எழுதிய தாள் சுற்றிவந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. ஒடிசாவிலிருந்து வந்து, நீ நின்ற இடத்தில் இப்போது நிற்கிற பெண்ணிடம் பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பயம், அக்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். உன்னிடம் கற்ற அரைகுறை இந்தியில் அந்தக் கையெழுத்து வசனத்தைச் சொன்னேன்.

யார் சொன்னது என்று கேட்டாள்.

ஒரு படத்தில் வருகிறது, நேற்றுதான் பார்த்தேன் என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டாள்.