குசினியில் நிற்கும் பாலை மரம்

என் நானாவுக்கு, ஸலாம். பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்களோடு ஸ்கொட்லாந்துத் தாவரவியல் பூங்காவில் வேலை செய்தவர் நேற்றுத் தகவல் அனுப்பினார். நீங்கள் நட்ட ஊசியிலை மரங்கள் முதல் தடவையாக விதை பிடித்திருக்கின்றனவாம். ஆனால் அவற்றின் சொந்த இடமான சிலி நாட்டு மலைச்சரிவு எரிந்து கரியாகிவிட்டதாம். விதையை இனி எங்கே அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்த வேலையில் நீங்கள் சேர்ந்த புதிதில் தொலைபேசியில் சீண்டினேன். "எங்கட மன்னார்க் காணிக்கே போக ஏலாம தில்லையடி அகதிக் குடியிருப்பில கெடக்கிறோம். மரத்துக்கு என்ன அவசரம் நானா?"

"அழிஞ்சு போற மரம் தங்கச்சி. இங்க உசிரோட வெச்சிருந்தா, ஒரு நாளைக்கு வித்தாவது ஊருக்குத் திரும்பும்" என்றீர்கள். நான் நம்பினேன்.

நீங்கள் கடைசியாக வந்தபோது இருவரும் காணி பார்க்கப் போனோமே. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது நாங்கள் விட்டுவந்த வீட்டைக் காடு மூடியிருந்தது. வன இலாகாக்காரர் காட்டு எல்லைக்கல்லும் நட்டிருந்தார்கள். உம்மா சமைத்த குசினி இருந்த இடத்தில் ஒரு பாலை மரம். வெட்டி எறிய வேண்டும் என்று கத்தினேன். நீங்களோ அதைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தீர்கள். "இத வெட்ட எனக்கு மனசு வராது" என்றீர்கள்.

வீடு வரும்வரை உங்களோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பஸ்ஸில் நீங்கள் வாங்கித்தந்த கச்சான் கடலையையும் தொடவில்லை. அதுதான் நாம் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த ஸ்கொட்லாந்துக் குளிரிலேயே உங்களை அடக்கினார்கள். மூன்று பிடி மண் போட எங்கள் வீட்டுக் கை ஒன்றுகூட அங்கே இல்லை.

அந்தச் சிலி மலையிலிருந்து வந்தது என்று நீங்கள் தந்த காய், அலுமாரிக்குள் இந்த வெக்கைக்கு வெடித்துவிட்டது. விதைகளைச் சட்டி மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. எதைத்தான் காப்பாற்றினீர்கள் நானா?

திங்கட்கிழமை காணி விசாரணை. காட்டை வெட்டிக் குடியேறுவீர்களா என்று கேட்பார்களாம். "ஓம் எண்டு சொல்லு, ஒண்டும் யோசிக்காத" என்கிறார் உம்மா.

கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் ஓம் என்றுதான் சொல்வேன். கிடைத்தால், அந்தப் பாலையை மட்டும் வெட்ட விடமாட்டேன். குசினி இல்லாத வீடாகவே இருக்கட்டும்.

வழி முழுக்க உங்களோடு கதைக்காமல் வந்த,
உங்கள் தங்கச்சி