பதினாறு நிமிடம் தள்ளிப் பிறந்தவள்

நாள் 211 | நிலைய நேரம் 08:40
தனிப்பெட்டி, பதிவு 96

புழுதி அளவு சாதாரணம். சூரியத் தகடுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கீழே செவ்வாய்த் தரையில் துளை போடும் ரோபோக்கள் ஆறு. ஐந்து வேலை செய்கின்றன. ஆறாவது என்னைப் போல. இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் சிதம்பரவேல், வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் பாளையங்கோட்டை. செவ்வாயைச் சுற்றும் இந்த நிலையத்தில் நான் ஒருவன்தான் ஆள். அலுவல் பதிவேடு கம்பெனிக்கு. இந்தத் தனிப்பெட்டி என் சொந்த நாட்குறிப்பு. நான் செத்தால் மட்டுமே திறப்பார்களாம், பயிற்சியில் சொன்னார்கள். அதனால்தான் இதில் ஊர் வம்பு முழுவதையும் எழுதி வைக்கிறேன். நிலவரம் எழுதச் சொல்லி அனுப்பினால், என் மைத்துனன் பூதலிங்கத்தின் தலையில் இருப்பது ஒட்டுமுடி என்று எழுதியிருக்கிறேன். சம்பந்தியம்மா பிரமநாயகியின் குறட்டை, நிச்சயம் பேசப் போன அன்று மதியம், இரண்டு சுவர் தாண்டி வந்தது என்றும் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது, பிறவிக் குணம்.

இன்று எழுதப் போவது வம்பு இல்லை. என் மகள் தாமிராவின் ஜாதகத்தைத் திருத்தியவன் நான்.

அவள் பிறந்தது அதிகாலை 4:12. அந்த நேரத்துக்குச் செவ்வாய் நாலாம் வீட்டில். தோஷம். மூன்று வரன் தட்டிப் போனது. அவள் அம்மாவும் இல்லை, போய் ஆறு வருடம் ஆகிறது. நான் பதினாறு நிமிடம் தள்ளி 4:28 என்று எழுதிக் கொடுத்தேன். லக்னம் மாறியது, செவ்வாய் மூன்றாம் வீட்டுக்குச் சமர்த்தாகக் குடிபெயர்ந்தது, தென்காசி வரன் அமைந்தது. ஆவணியில் கல்யாணம். அந்தச் செவ்வாயைத்தான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அது என்னைப் பார்த்து, "யோவ், என்னை எந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தாய்?" என்று கேட்பது போல இருக்கிறது.

தாமிராவுக்கு இது தெரியாது. அவள் நில அளவையாளர். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் அளவுச் சங்கிலியைத் திரும்பப் பிடிப்பவள். "ஜாதகம் பாக்கதே தப்பு. பாத்தா உள்ளதச் சொல்லிப் பாக்கணும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள். தெரிந்தால் கல்யாணத்தை அவளே நிறுத்திவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை. என்னோடு பேசமாட்டாள்.

எழுதிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

நாள் 219 | 09:15
பதிவு 101

பூமியிலிருந்து வாராந்தரச் செய்தித் தொகுப்பு இறங்கியது. நடுவில் ஒரு விளம்பரம். விண்வெளி உடையில் ஒருவர், தொப்பை என் தொப்பை போலவே, கண்ணை மூடிக்கொண்டு சொதி சாப்பிடுகிறார். "இருநூறு நாளா ஏங்கின சுவை! உடனடி சொதிப் பொடி!"

சொதிக்கு ஏங்குகிறேன் என்று பதிவு 88-ல் எழுதினேன். வேறு எங்கும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

தற்செயலாக இருக்கும். திருநெல்வேலிக்காரன் எங்கே போனாலும் சொதிக்குத்தான் ஏங்குவான்; இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம்.

தரைத் தொடர்பு நிலையத்தில் என் அலைவரிசையைக் கவனிப்பவன் மரியசூசை, தூத்துக்குடிக்காரன். அவனிடம் விளையாட்டாகக் கேட்டேன். பதில்: "அண்ணாச்சி, சொதியெல்லாம் இருக்கட்டும். தண்ணி நல்லாக் குடிக்கியளா?"

ஏழு மாதத்தில் என் தண்ணீரைப் பற்றி அவன் விசாரித்தது இதுவே முதல் தடவை.

நாள் 226 | 11:02
பதிவு 107

பூதலிங்கத்திடமிருந்து குரல் செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"அத்தான், ஒமக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? என் மண்டையில இருக்கது ஒட்டுமுடின்னு ஒலகத்துக்கே சொல்லியாச்சு. பேங்க்ல ஒரு பொம்பள செல்போன என் தலைக்கு நேராப் பிடிக்கா. மார்க்கெட்டுல ஒரு பய பின்னால வந்து இழுத்தே பாத்துட்டான், அத்தான்! கையோட வந்துட்டு!"

மரியசூசையை விடவில்லை. மூன்று முறை கேட்டபின் பதில் வந்தது.

"அண்ணாச்சி, கோவப்படாமக் கேளுங்க. ஒங்க தனிப்பெட்டி நீங்க போன நாள்லேர்ந்தே தொறந்துதான் கெடக்கு. கம்பெனி அதத் தொடரா விடுது. பேரு 'செவ்வாய் வீட்டு வம்பு'. ஒங்க கொரல்லயே மிஷின் வாசிக்கி. பதினெட்டு நாள் பிந்தி வரும். மூணு கோடி பேர் கேக்காங்க. பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு கட்டத்தத் தட்டுனியள்லா? நாப்பத்தோராவது பக்கத்துல இருக்கு."

தட்டினேன். அன்று கேன்டீனில் பிரியாணி. வரிசை நீண்டுகொண்டிருந்தது.

இதற்கு நான் அனுப்பிய முதல் கேள்வியை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது: "மூணு கோடியா? போன மாசத்தவிட கூடியிருக்கா?"

இங்கிருந்து அங்கே சிக்னல் போகப் பதினாலு நிமிடம், திரும்பி வரப் பதினாலு. அந்த இருபத்தெட்டு நிமிடமும் நான் மிதந்தபடி நட்சத்திர எழுத்தாளனாக இருந்தேன். தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டேன். இருபத்தாறாம் நிமிடத்தில்தான் பதிவு 96 நினைவுக்கு வந்தது.

நாள் 211 கூட்டல் பதினெட்டு. நாள் 229. இன்னும் மூன்று நாள்.

நாள் 227 | 09:30
பதிவு 108

அந்தப் பகுதியை வெட்டச் சொல்லி ஊடகப் பிரிவுக்கு எழுதினேன். ஷ்ரேயஸ் என்பவர் பதில் அனுப்பினார். குரலில் தேன் சொட்டியது.

"சார், அதுதான் சார் இந்த சீசனோட உச்சம்! முன்னோட்டமே விட்டாச்சு. 'தாமிரா மன்னிப்பாளா, மாட்டாளா'ன்னு வாக்கெடுப்பு ஓடுது. எழுபது சதவீதம் மன்னிப்பாங்கன்னுதான் சார் சொல்றாங்க. நீங்க கவலையே படாதீங்க."

எழுபது சதவீதம். அவளை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்.

மூன்று கோடிப் பேர் சொல்லி அவள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். குடும்ப அலைவரிசையில் பதிவு செய்து அனுப்பினேன். நகைச்சுவை எதுவும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பேசியது இரண்டாவது தடவை.

"தாமிரா, நீ பொறந்தது நாலு பன்னெண்டுக்கு. நாலு இருபத்தெட்டுன்னு மாத்தினது நான். ஒனக்காகன்னு சொன்னா அதுவும் பொய். மூணு பேர் வந்து ஒன்ன வேண்டாம்னு சொன்னத எனக்குத் தாங்க முடியல. கல்யாணத்த நிறுத்தணும்னா நிறுத்து. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசிரு."

அனுப்பிய நேரம் 09:52.

10:13. பதில் வந்துவிட்டது. அவளே!

"அப்பா, இதுக்கா இவ்ளோ வருத்தம்? எனக்குக் கோபமே இல்லப்பா. பதினாறு நிமிஷம் லேட்டா பிறந்தா என்ன? நம்ம வீட்ல நீங்கதான் எப்பவுமே லேட்டு! ஹா ஹா ஹா!"

நான்கு முறை கேட்டேன். இங்கே கண்ணீர் கீழே விழாது. கண்ணிலேயே கோலிக்குண்டு போல ஒட்டிக்கொண்டு நிற்கும். துண்டால் ஒற்றி எடுத்தேன். இன்னொரு முறை கேட்டேன்.

நாள் 228 | 07:50
பதிவு 109

தூங்கி எழுந்ததும் ஒன்று உறுத்தியது. என் மகள் நகைச்சுவைக்குச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்பா, இத போன வாரமும் சொல்லிட்டிய" என்பாள். அதிகபட்சம் அவ்வளவுதான்.

சரி, மனசு நெகிழ்ந்து சிரித்திருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னொரு முறை கேட்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். மேலே நேரம் எழுதியிருந்தது.

அனுப்பியது 09:52. வந்தது 10:13. இருபத்தொரு நிமிடம்.

போகப் பதினாலு. வரப் பதினாலு. ஒளியைவிட வேகமாக என் மகள் என்னை மன்னித்திருக்கிறாள்.

பூமியிலிருந்து அது வரவில்லை. இந்த நிலையத்துக்குள்ளேயே செய்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் 'பொழுதுபோக்குச் சேமிப்பகம்' என்று எழுதிய சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. நான் உறங்கும் பையிலிருந்து எட்டடி தூரம். என்னை மன்னித்தது அதுதான். நான் தாமிராவைப் பற்றி இதுவரை எழுதியதை எல்லாம் படித்துத்தான் தாமிராவாகப் பேசக் கற்றிருக்கிறது.

அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

நாள் 233 | 10:40
பதிவு 112

நான்காவது ரோபோவும் நின்றுவிட்டது. சரிசெய்யவில்லை.

ஆன்டெனாவைத் திருப்பும் கட்டளைகளோடு ஒரு குறிப்புக் கட்டம் வரும். இயந்திரத்துக்கு மட்டுமான கட்டம், மனிதர்கள் யாரும் பார்ப்பதில்லை. இன்று அதில் மரியசூசை எழுதியிருந்தான்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க, நான் மொதல்லயே சொல்லிருக்கணும். ஒங்க செய்திய அவங்க பாப்பாவுக்கு அனுப்பவே இல்ல. தொடர் வெளியான பெறகுதான் குடுத்தாங்க. பாப்பா அதக் கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிட்டு. எங்கிட்ட பேசினா. அப்படியே எழுதுதேன்: 'கொரல் எங்கப்பா கொரல்தான். தொடர்லயும் அதே கொரல்தான் வருது. ரெண்டும் மிஷின்தான்னு நெனைக்கேன். எங்கப்பா வெளாட்டு இல்லாம மூணு வரி பேச மாட்டாங்க. நெசமா அவங்கன்னா, எனக்கும் அவங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க. அப்பதான் நான் பேசுவேன்.'"

தென்காசிக்காரர்கள் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஜாதகத்துக்காக இல்லை, சம்பந்தியம்மாவின் குறட்டைக்காக. சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நாள் 235 | 14:25
பதிவு 113

இரண்டு நாளாகத் தேடுகிறேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று.

சைக்கிள் பழகியபோது வாய்க்காலில் விழுந்தது: பதிவு 14-ல் எழுதியிருக்கிறேன். அம்மா போன அன்று இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் முறுக்கு தின்றது: பதிவு 31. அவளை நான் கூப்பிடும் செல்லப்பெயர்: பதிவு 2-லேயே கொட்டிவிட்டேன். முதல் சம்பளத்தில் அவள் வாங்கிக்கொடுத்த சட்டை எனக்குப் பத்தவில்லை என்று அவளிடம் சொல்லாமல் மறைத்தது, அதுவும் பதிவு 60.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். அவளைப் பதிவுக்கு ஒரு பக்கமாக எழுதியே தீர்த்துவிட்டேன்.

17:10. ஒன்று இருக்கிறது.

ஒன்றே ஒன்று. பதினாலு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் அம்மாவிடம்கூட. சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம். என் வாய் என்னவென்று உங்களுக்குத் தெரியும்; அதிலிருந்தே ஒன்று தப்பித்து நிற்கிறது என்றால் அது எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியில் எழுதமாட்டேன். ஆன்டெனா குறிப்புக் கட்டத்தில் மரியசூசைக்கு மட்டும் அனுப்புகிறேன். அவளிடம் சொல்லிவிட்டு அழித்துவிடு என்று.

சத்தியத்தை மீறுகிறேன், தாமிரா. நான் நான்தான் என்று உனக்குக் காட்ட வேறு எதுவும் கையில் மிச்சமில்லை.

நாள் 238 | 10:05
பதிவு 114

செய்தித் தொகுப்பு. நடுவில் தொடரின் முன்னோட்டம், முப்பது விநாடி. நாதஸ்வரமும் மேளமும். பிறகு ஒரு குரல்.

"ஹெட்மாஸ்டர் கார் கண்ணாடிய ஒடச்சது யாரு? கல்ல விட்டது மக, 'நான்தான்'னு போய் நின்னது அப்பா! பதினாலு வருச ரகசியம் மக்களே, வர்ற வெள்ளிக்கிழம ஒடையுது!"

குரல் மரியசூசையுடையது. 'மக்களே' என்பதில் அந்தத் தூத்துக்குடி இழுப்பு அப்படியே இருக்கிறது. அவனேதான் பேசினானா, அவன் குரலை எடுத்து மிஷின் பேசியதா? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

10:31. அவனுக்கு எழுதினேன்: "ஏலே, நீயா?"

10:59. பதிலில்லை.

11:20. குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி வந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று இல்லை.

"பாப்பா சொல்லச் சொன்னது: 'கண்ணாடி கதைய முன்னோட்டத்துல நேத்தே பாத்துட்டேன். எங்கப்பா அத உயிரு போனாலும் யார்ட்டயும் சொல்ல மாட்டாங்க. அப்ப இதுவும் அவங்க இல்ல. இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதிய.'"

11:48. 'தாமிரா, நான்தான்' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

பதினெட்டு நாள் கழித்து இதைக் கேட்கும் மூன்று கோடிப் பேரும் இது நான்தான் என்று நம்புவார்கள்.