எமகண்டத்தில் அவிழ்க்காத கயிறு

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று லண்டன் டூட்டிங் மீன்கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவரின் கோட்டை மோந்து பார்த்தேன். காற்றில் தானாக வந்த வாசம் என்று சமாளிக்க முடியாது. மூக்கு கம்பளியில் முட்டுமளவுக்குக் கிட்டப் போய், கண்ணையும் மூடிக்கொண்டு. டீசல், நனைந்த கயிறு, கொஞ்சம் சேறு. மனிதர் திரும்பி இந்தக் கிழவியைப் பார்த்தார். நான் விளைமீனைப் பார்த்தேன். இந்தக் கதை இதற்குள் லண்டனின் மறுகோடி, கிங்ஸ்பரிச் சனம் வரை போயிருக்கும். நீர் உயிரோடு இருந்திருந்தால் நீரே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்.

ஐப்பசி வந்தால் உமது கோட்டும் இப்படித்தான் மணக்கும்.

எண்பதுகளின் கடைசியில், உம்மோடு தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி ஓய்வு பெற்றுப் போகும்போது தன் பழைய மரப்படகை உமது தலையில் கட்டிவிட்டுப் போனாள். சனம் சும்மா விட்டதா? கல்யாண வீட்டில், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக உமது மாமி தொடங்கினா.

"எங்கட ஆக்கள் எப்ப பிள்ளை கடலுக்குப் போனவை?"

"எங்கட ஆக்கள் எப்ப மாமி பிளேனில போனவை? நீங்கள் ஏறி வரேல்லையே?"

மாமி அன்றைக்குப் பாயாசத்தைத் தொடவேயில்லை. உமது கூட்டாளி நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

கிழக்கு லண்டன் பார்க்கிங் ஸ்டேஷனில் ரயிலேறினால், கடலோரத்தில், தண்ணீர் ஏறி வற்றும் ஒரு சேற்றுக் கழி. அதில் படகு வைத்திருந்தவர்களுக்கு ஒரு சங்கம், ஒரு தகரக் கொட்டில், ஓயாத தேநீர். கோடையில் அவர்கள் பிரான்ஸ், ஹொலண்ட் என்று பாய் விரித்துப் போவார்கள். நாம் பெயின்ட் அடிப்போம். இலையுதிர் காலத்தில் எல்லாரும் திரும்பி வந்து, உமது மீன் ரோல்ஸைத் தின்றபடி, தாங்கள் கண்ட அலையின் உயரத்தைக் கிழமைக்குக் கிழமை கூட்டுவார்கள். அந்த நாட்களில்தான் சைபீரியாப் பக்கமிருந்து கறுப்பு வாத்துகள் வந்து இறங்கும். சேறு முழுக்க நின்று, கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முந்திய சனம்போல ஒரே கதை. "உதுகள் வந்திட்டுது, இனிப் படகைக் கரையேத்த வேணும்" என்பீர்.

ஒருமுறை உம்மைக் கேட்டேன், இந்தக் குளிருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று. கப்பைக் கழுவிக்கொண்டே சொன்னீர்: "இஞ்சை ஒருத்தரும் நான் ஆரின்ர மகள், ஆரின்ர பெண்சாதி எண்டு கேக்கிறேல்லை."

குளிருக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் பெருகிக் கழி நிறையும் நேரத்தில், கிரேன் வந்து எல்லாப் படகுகளையும் கரையில் தூக்கி வைக்கும். தொண்ணூற்றிரண்டிலோ மூன்றிலோ, சங்கம் உமக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பலகை பழசு, இன்னொரு குளிர்காலம் சேற்றில் கிடந்தால் உடைந்துவிடும், இந்த முறை தூக்காவிட்டால் கட்டும் இடம் வேறு ஆளுக்கு.

எங்கள் முறை வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. நான் கயிற்றில் கை வைத்தேன். நீர் உயிர்காப்புச் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தீர். ஊரிலிருந்து வந்த நாட்கலண்டரில் கிழித்த தாள்.

"அவிழ்க்காதையும். ஒண்டரை மட்டும் எமகண்டம்."

"எடியே, தண்ணி வத்தப் போகுது!"

"வத்தட்டும்."

"அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்து எமனுக்கு அடிச்சது. இஞ்சத்தைய எமனுக்கு வேற ஷிப்ட்."

"எமனுக்கு விசா தேவையில்லை. இரும்."

புயலுக்கும் மாமிக்கும் பயப்படாத மனுஷி, அச்சடித்த நாலு எழுத்துக்குப் பயந்து குந்தியிருந்தீர். பின்னால் நின்ற படகுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒன்றரைக்கு நீரே கயிற்றை அவிழ்த்தீர். கழியின் வளைவு வரை போனோம். அங்கே படகு சேற்றில் குந்திவிட்டது.

கிரேன் பக்கமிருந்து ஆட்கள் கத்துவது கேட்டது. தண்ணீர் எங்களைச் சுற்றி ஒதுங்கிக்கொண்டிருந்தது. உமது முகத்தைப் பார்த்தேன். பேசினால் அழுதுவிடுவீர் போலிருந்தது. நங்கூரத்தைத் தூக்கி முன்னால் எறிந்தீர். கயிற்றைக் கைகளில் சுற்றிக்கொண்டீர்.

"படகைச் சரிக்க வேணும். அப்பதான் அடி சேத்தை விட்டுக் கிளம்பும். அந்தப் பாய்மரக் கம்பியைப் பிடிச்சு வெளியில தொங்கும்."

"நானோ?"

"வேற ஆர்? உம்மட பாரம் முழுக்க அங்கால போடும்!"

"முழுக்கவோ?"

"ஒண்டையும் மிச்சம் வையாதையும்!"

என் எடைக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை அது. தொங்கினேன். சேற்றில் படுத்திருந்த ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி, தன் சாதிசனம் ஏன் கம்பியில் தொங்குகிறது என்று பார்த்தது. நீர் இழுத்தீர். படகு ஒரு சாண் நகர்ந்தது. திரும்ப எறிந்தீர், திரும்ப இழுத்தீர். உள்ளங்கை கிழிந்து கயிறு சிவந்தது. "விடும், வசந்தத்தில பாப்பம்" என்றேன். "வாயை மூடிக்கொண்டு தொங்கும்" என்றீர். வாத்துகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. அந்த நேரம் படகும் சேற்றை விட்டது. கிரேன்காரர் படகு தூக்கும் வார்ப்பட்டைகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து மறுபடி விரித்தார்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலும் நீர் மாறவில்லை. "டொக்டரிட்டச் சொல்லும், ஊசியை ஒண்டரைக்குப் பிறகு போடட்டாம்." சொன்னேன். அவரும் பாவம், ஒன்றரைக்குப் பிறகு வந்தார்.

உமது ஆட்கள் படகை விற்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது, முழங்கால் சொல்வழி கேட்பதில்லை, இப்போதும் நீந்தத் தெரியாது. ஆனாலும் வருகிற ஞாயிறு கிரேன் நாள். சங்கத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். கயிற்றை இழுப்பதும் தொங்குவதும் இனி நான் ஒருத்திதான். நேற்றுப் பின்னேரம் கையுறை வாங்கினேன். வாத்துகள் வந்துவிட்டனவாம்.

அன்றைய பயணத்தை நான் கல்யாண வீடுகளில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்றுண்டு: கட்டின இடத்திலிருந்து கிரேன் வரை, ஒரு கிழவர் தன் நாயோடு கரையோரமாக எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். நாய் ஒவ்வொரு கம்பத்திலும் நின்றது. அப்படியும் கிரேனடிக்கு எங்களுக்கு முதல் அவர்தான் வந்து சேர்ந்தார்.